ஸ்நேரை மெதுவாகத் தட்டினால் சத்தமே இல்லை, ஓங்கினால் எல்லா அடியும் ஒன்றுபோல: பேட் போச்சா?

மூணாவது மாடி:
செகண்ட் ஹேண்டில் மெஷ் பேட் (தோலுக்குப் பதில் வலைத்துணி இழுத்துக் கட்டிய பேட்) எலக்ட்ரானிக் டிரம் ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஸ்நேர் டிரம்முக்கான பேடில் கோஸ்ட் நோட் (மிக மெதுவான அடி) தட்டினால் ஒன்றுமே வரவில்லை, கொஞ்சம் ஓங்கினால் எல்லா அடியும் ஒரே மாதிரி பட் பட் என்று விழுகிறது. ஸ்நேர் வால்யூமை ஏற்றிப் பார்த்தேன், அதே கண்றாவி இன்னும் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். இதில் கிக்கை (காலால் மிதிக்கும் டிரம்மை) மிதித்தால் பக்கத்து டிரம்மான டாம் வேறு தானாக முனகுகிறது.

தட்டுமுட்டு:
பேட் போயிருக்காது ப்ரோ. பேடுக்குள் இருக்கும் பீசோ (அதிர்வை உணரும் சென்சார்) கொடுக்கும் சிக்னலை மாட்யூல் (சத்தம் போடும் அந்தப் பெட்டி) அடியின் பலத்துக்கேற்ப 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றும், வால்யூம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்களுக்கு சென்சிட்டிவிட்டி, அதாவது ஓர் அடிக்கு எவ்வளவு பெரிய எண் விழும் என்ற செட்டிங், அதிகம், நடுத்தர அடியே 127-ஐத் தொட்டுவிடுகிறது, அதற்கு மேல் போக இடமில்லை. முழு பலத்தோடு அடித்தால் மட்டும் மீட்டர் உச்சிக்குப் போகிற அளவுக்குக் குறையுங்கள். கோஸ்ட் நோட்டை முழுங்குவது த்ரெஷோல்ட், இந்த அளவுக்குக் கீழான அடியை மாட்யூல் கண்டுகொள்ளாது. அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ஸ்டாண்டை விரலால் தட்டுங்கள், பேட் தானாக ஒலித்தால் ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒலி நின்ற இடத்தில் விடுங்கள்.

பழைய ஸ்டிக்:
அதெல்லாம் சரி, ஆனால் முதலில் மெஷ்ஷைப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் எந்த எண்ணை வைத்தாலும் நிற்காது. எதிரெதிர் போல்ட்டாகக் கால் சுற்று, கால் சுற்று இறுக்குங்கள். நடுவில் சென்சார் உள்ள பேட் என்றால் அதன் மேல் இருக்கும் ஸ்பாஞ்ச் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய பேடில் பாதிப் பிரச்சினை அங்கேதான். டாம் முனகுவது கிராஸ்டாக், ஒரு பேடின் அதிர்வு இன்னொரு பேடை ஒலிக்க வைப்பது. டாமைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை இறுக்கியும் போகவில்லை என்றால் மட்டும் மாட்யூலில் டாமுக்கான கிராஸ்டாக் எண்ணை ஏற்றுங்கள், கண்டபடி ஏற்றினால் கிக்கோடு சேர்த்து மெதுவாக அடிக்கும் டாம் காணாமல் போகும்.

மூணாவது மாடி:
ஸ்பாஞ்ச் நன்றாக இருக்கிறது, மெஷ்தான் அப்பளம் நமத்த மாதிரி இருந்தது. இறுக்கியபின் சென்சிட்டிவிட்டியை இரண்டு படி குறைத்தேன், த்ரெஷோல்ட் 3-இல் நிற்கிறது, கோஸ்ட் நோட் வருகிறது! டாம் கிளாம்ப் ஆடிக்கொண்டிருந்தது, இறுக்கியதும் முனகல் போச்சு. இன்னொன்று, ஹெட்ஃபோனில்தான் வாசிக்கிறேன், கிக் வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார்.

தட்டுமுட்டு:
அவருக்குக் கேட்பது மாட்யூல் சத்தம் இல்லை ப்ரோ, பெடல் தரையை இடிப்பது. வால்யூமைப் பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள், கிக்குக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போட்டுவிட்டு அக்காவிடமே கேளுங்கள்.