பிற்காரணமும் எதிர்வுந்தலும்

நண்பர்களுக்கு வணக்கம்.

விளைவு முதலில் நடந்துவிட, அதன் காரணம் பிறகு வருவதைக் குறிக்க ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: எதிர்க்காரணம், தலைகீழ்க் காரணம், பின்னோக்குக் காரணியம். மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. 'எதிர்' என்று தொடங்கினாலே புத்தி எதிர்ப்பு, எதிர்வாதம், எதிர்க்கட்சி என்றுதான் ஓடுகிறது. எதிர்க்காரணம் என்றால், ஒருவர் சொன்ன காரணத்தை மறுக்க இன்னொருவர் சொல்லும் காரணம் என்றே படிப்பார்கள். 'தலைகீழ்' என்பதில் தீர்ப்பு கலந்திருக்கிறது. 'பின்னோக்கு' நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பதற்குப் பழகிப்போன சொல். இங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், 'எதிர்காலத்தின் தாக்கம்' என்று நாம் பொதுவாகப் பேசியதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்துவிட்டதுதான்.

ஒன்று, வரப்போவதைப் பற்றிய எண்ணம் இன்றைச் செலுத்துவது. என் வாழ்க்கையில் நடந்தவற்றைவிட, நடக்கும் என்று நான் நம்பியவைதான் என்னை அதிகம் ஓட்டியிருக்கின்றன. ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பி ஒரு மொழியைப் படித்தேன். வேலை கிடைக்கவில்லை, மொழி தங்கிவிட்டது. இன்று எனக்கு அந்த மொழி தெரிவதற்கு எது காரணம்? நடக்கவே நடக்காத ஓர் எதிர்காலம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இல்லாத ஒன்று எதையும் செய்யாது. அன்று என் தலைக்குள் இருந்த எதிர்பார்ப்புதான் செய்தது, அதுவும் நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. காலவரிசை கொஞ்சமும் குலையவில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் எழுதிய வங்கிக் கதையும் இந்த வகைதான். நல்ல நிலையில் இருக்கும் வங்கி முறியப்போகிறது என்று வதந்தி கிளம்புகிறது, எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள், வங்கி நிஜமாகவே முறிகிறது. வதந்தி முன், முறிவு பின்.

தொல்காப்பியம் தொழிலின் முதனிலைகள், அதாவது ஒரு செயல் பிறக்கக் காரணமாக இருப்பவை, எட்டு என்று எண்ணும்போது செய்வது, கருவி, காலம் போன்றவற்றோடு 'இன்னதற்கு', 'இது பயன்' என்ற இரண்டையும் சேர்க்கிறது. பயன் என்பது செயல் முடிந்த பிறகு வருவது. அதைச் செயலைப் பிறப்பிக்கும் பட்டியலில் வைத்தது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. செய்கிறவன் மனத்தில் பயன் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டால் புதிர் விலகுகிறது.

இரண்டாவது சங்கதி வேறு ரகம். எண்ணம் அல்ல, பின்னால் நடக்கும் நிகழ்ச்சியே முன்னால் நடந்ததைத் தொடுவது. மின்காந்தச் சமன்பாடுகள் காலத்தின் இரு திசைகளுக்கும் ஒரே மாதிரி இடம் கொடுக்கின்றன. எதிர்காலத்தை நோக்கிப் போகும் அலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது வழக்கம். 1945இல் இயற்பியலாளர்கள் வீலரும் ஃபைன்மனும் இரண்டையும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டு ஒரு கோட்பாடு வெளியிட்டார்கள். ஒளியை உமிழும் துகளுக்கு, பின்னொரு நேரத்தில் அந்த ஒளியை உறிஞ்சப்போகும் துகள்களிடமிருந்தும் ஒரு பங்கு வந்து சேர்கிறது என்பது அதன் சாரம். 1978இல் வீலர் இன்னொன்றைக் கேட்டார்: ஒளித்துகள் கருவிக்குள் நுழைந்த பிறகு, அது ஒரே வழியில் துகளாக வந்ததா இரு வழியிலும் அலையாக வந்ததா என்பதில் எதை அளப்பது என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? 2007இல் பிரான்சில் ஒற்றை ஒளித்துகள்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். குவாண்டம் கணக்கு அப்படியே பலித்தது. இதைக் கடந்தகாலம் மாறியதாகப் படிக்கும் கட்டாயம் இல்லை, பெரும்பாலான இயற்பியலாளர்கள் அப்படிப் படிப்பதும் இல்லை. நேற்றைக்குச் சேதி அனுப்பவும் இதில் வழி கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு வாசிப்பு இருக்கிறது. அதற்குத்தான் பெயர் வேண்டும்.

தத்துவத்தில் மைக்கேல் டம்மெட் 1964இல் இதைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்ன கதையில் ஒரு குலத்து இளைஞர்கள் சிங்க வேட்டைக்குப் போகிறார்கள்: போக 2 நாள், வேட்டை 2 நாள், திரும்ப 2 நாள். அவர்கள் வீரமாக நடந்துகொள்ள வேண்டும் என்று குலத் தலைவர் ஊரில் 6 நாளும் ஆடுகிறார். வேட்டை முடிந்த பின்னும் அந்தக் கடைசி 2 நாள் எதற்காக ஆடுகிறார்? சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தேர்வு முடிவு வெளியான பிறகு, அதைத் திறந்து பார்க்கும் முன் 'தேறியிருக்கணுமே' என்று வேண்டிக்கொள்ளாதவர் யார்? அந்த நேரத்தில் நாமும் தலைவரோடு சேர்ந்துதான் ஆடுகிறோம். நான் இன்றும் ஆடுகிறேன், நம்பிக்கை இல்லாமலே.

சரி, சொற்கள். இரண்டாவதற்கு 'பிற்காரணம்' என்கிறேன். பிற்காலம், பிற்பகல், பிற்சேர்க்கை வரிசையில் வருவதால், பின்னொரு நேரத்தில் நிற்கும் காரணம் என்று விளக்கமில்லாமலே புரியும். முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும் என்பது பழமொழி. பிற்பகல் செய்தது முற்பகல் விளைந்தால் அது பிற்காரணம். முதலாவதற்கு 'எதிர்வூக்கம்'. எதிர்வு என்றால் எதிர்காலம் என்பது தொல்காப்பிய வழக்கு. இலங்கைத் தமிழில் வானிலை எதிர்வுகூறல் என்று இன்றும் புழங்குகிறது.

அன்புடன்.

* * *

ஐயா, வணக்கம்.

இரண்டாகப் பிரித்தது நல்லது. மூன்று சந்தேகங்கள்.

பிற்போக்கு என்ற சொல்லும் அதே வரிசையில்தானே இருக்கிறது? அங்கே 'பிற்' திசையைக் காட்டுகிறது, காலத்தை அல்ல.

அப்புறம், வங்கிக்கு ஓடியவர்கள் பயந்து ஓடினார்கள். பயத்தை ஊக்கம் என்று சொன்னால் காதுக்கு ஒப்பவில்லை.

கடைசியாக, உரையாசிரியர்கள் காட்டும் இரண்டு வாக்கியங்கள். 'மழை பெய்ய நெல் விளைந்தது', 'நெல் விளைய மழை பெய்தது'. 'பெய்ய', 'விளைய' என்று வரும் அதே செயவென் எச்சம் முதல் வாக்கியத்தில் காரணத்தையும் அடுத்ததில் காரியத்தையும் சுமக்கிறது. மழைக்கு நெல்லைப் பற்றிய எண்ணம் கிடையாது, ஆகவே உங்கள் முதல் வகை இல்லை. நெல் மழையை வரவழைக்கவும் இல்லை, ஆகவே இரண்டாவதும் இல்லை. இதை எங்கே வைப்பீர்கள்?

* * *

அம்மா, வணக்கம்.

பிற்போக்கில் திசையைத் தருவது 'போக்கு'. காரணம் என்ற சொல்லுக்குத் திசை கிடையாது, அதனால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஊக்கம் பற்றிய ஆட்சேபம் சரி. 'எதிர்வுந்தல்' என்று மாற்றிவிடலாம். ஆசையும் உந்தும், பயமும் உந்தும்.

நெல் விளைய மழை பெய்தது என்பதை இரண்டிலும் வைக்க மாட்டேன். அது மழையைப் பற்றிய செய்தி என்பதைவிட, விளைந்த வயலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவரைப் பற்றிய செய்தி. அறுவடை நடந்த பிறகுதான் அந்த மழை நெல்லுக்கான மழை ஆகிறது. நெல் கருகியிருந்தால் அதே மழையை யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மழை பெய்தது மாறவில்லை, அதற்கு நாம் கொடுக்கும் பொருள்தான் பின்னால் வந்து ஒட்டுகிறது. நான் படித்த அந்த மொழிக்கும் இப்படி ஒரு பொருள் பின்னால் வந்து ஒட்டியது, வேலை வழியாக அல்ல, நட்பு வழியாக. இது காரணமே அல்ல என்பதால் இந்த இழையில் இதற்குச் சொல் தேட வேண்டாம். வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

பட்டியலில் இப்போதைக்குப் பிற்காரணம், எதிர்வுந்தல் இரண்டையும் சேர்த்துவிடட்டுமா? 'பிற்காரணக் கோட்பாடு' என்று நீட்டும்போது நாவில் இடறுகிறதா என்று மட்டும் யாராவது உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.