இந்த இரவு நாடகங்கள் பிள்ளையள் பாக்கக்கூடியதா?

உவர்மலை_அம்மா:
பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினா பத்து மணி மட்டும் எங்கட வீட்டில இந்திய நாடகம்தான். மாமி பாக்கிறா, பக்கத்தில 7ஆம் தரம் படிக்கிற மகளும் கொப்பிய மடியில வச்சுக்கொண்டு பாக்கிறா. முதலிரவு சீன், அடுத்தவள்ட புருசனோட தொடர்பு, விருப்பமில்லாத பெட்டைக்குக் கோயில்ல வச்சு தாலிய கட்டிட்டு பிறகு அவளே அவன லவ் பண்ற மாதிரிக் கதை. 12 வயசுக்கு இது என்னத்துக்கு? நிப்பாட்டத்தான் வேணும் எண்டு நான் சொல்றன்.

டொக்யாட்_வீதி:
நிப்பாட்டினா பிள்ளை போன்ல பாக்கும் அக்கா. தனிய அறைக்குள்ள பாக்கிறத விட ஹோல்ல எல்லாரோடயும் பாக்கிறது எவ்வளவோ மேல். நாங்களும் அம்மம்மாவோட இருந்து பாத்து வளந்த ஆக்கள்தானே, கெட்டா போனம்?

பாலையூற்று_டீச்சர்:
தம்பி, கெட்டுப்போறது மட்டுமா பிரச்சினை? கட்டில் சீனுக்கு நான் அவ்வளவு பயப்பிடேல்ல, அது வந்தா பிள்ளையே தலைய குனியும். வேணாம் எண்டு சொன்னவளுக்குப் பின்னால திரியுறதையும் கன்னத்தில அறையுறதையும் மியூசிக் போட்டு அன்பு எண்டு காட்டுறாங்களே, அதுதான் உள்ள போகுது. டியூசன் விட்டு வரேக்க ஒருத்தன் பின்னால வந்தா பிள்ளை வீட்ட வந்து சொல்லோணும், 1929 எண்ட சிறுவர் உதவி இலக்கத்துக்கு அடிக்கோணும், அத விட்டுட்டு அவனுக்கு என்னில உயிர் எண்டு நினைச்சா என்ன செய்வீங்க?

கிண்ணியா_நானா:
இந்தியாவில ஒண்டும் இல்லாம இல்ல. 2011ல சேனல்காரர் தாங்களே விதி வச்சாங்க, பொது நிகழ்ச்சி ஒரு வகை, பெரியாக்களுக்கு உரியது இன்னொரு வகை, ரெண்டாவது இரவு 11 மணியில இருந்து விடிய 5 மணி வரைக்கும்தான். நாடகமெல்லாம் பொது வகையில, நம்மட நேரமும் அவங்கட நேரமும் ஒண்டு, பிள்ளை முழிச்சிருக்கிற நேரத்திலதான் வருது. ஓடிடில எண்டா 2021க்குப் பிறகு 7, 13, 16 எண்டு வயசு போடோணும், லொக் வசதியும் இருக்கு. டிவி நாடகத்துக்கு அந்த வயசுக் குறி இல்ல.

ஏஎல்_பிள்ளை:
எங்களையும் ஒருக்கா கேளுங்க. அந்த தாலி சீன பாத்து நானும் பிரெண்ட்ஸும் ஏசினதுதான் கூட, ஆரும் ஆசைப்படேல்ல. வீட்டில பெரியாக்கள் வாய் திறக்காத விசயங்கள் நாடகத்திலயாவது வருது, பூட்டி வச்சா நாங்க ஆரிட்ட கேக்கிறது?

பாலையூற்று_டீச்சர்:
மகள், உங்களுக்கு 18 ஆகுது, ஏசத் தெரியுது. 12 வயசுக்கு அது வராது, பக்கத்தில இருக்கிற ஆள்தான் சொல்லோணும். அங்க இருக்கிறது மாமி, அவ அந்த ஹீரோவுக்காக அழுறா.

டொக்யாட்_வீதி:
மாமிய குற்றம் சொல்லாதீங்க டீச்சர், பகல் முழுக்கத் தனிய இருக்கிற மனுசி, அவவுக்கு இருக்கிற ஒரே துணை அதுதான்.

உவர்மலை_அம்மா:
மாமிட்ட டிவிய பறிக்க மாட்டன். ஏழு மணிக்குப் பிறகு மகள் உள்ளுக்கு என்னோட இருந்து படிக்கட்டும், ஞாயிறில நானும் கூட இருந்து பாத்து, அந்தத் தாலி கட்டினவன் செஞ்சது குற்றம் எண்டு மாமிக்கு முன்னாலயே சொல்லுவன். தம்பி, போன் விசயத்தில மட்டும் நான் உங்களோட ஒத்துவரேல்ல, அது ஓஎல் சோதினை முடியிற வரைக்கும் என்ட கையிலதான் இருக்கும்.