ஒரு செமஸ்டர் வெளிய படிக்க 9 லட்சம், ஸ்காலர்ஷிப் ஏதாச்சும் இருக்குதுங்களா? அவசரம்

மஞ்சக்காடு_கோபி | திங்கள் இரவு 11.20
வணக்கமுங்க. ஒரு செமஸ்டர் வெளிய படிக்க செலக்ட் ஆயிட்டேன். 9 லட்சம் ஆகும்ங்கறாங்க. எங்கூட்ல அவ்வளவு இல்ல. என்ன ஸ்காலர்ஷிப் கிடைக்கும்? வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜ்ல பதில் சொல்லோணும்.

தறிச்சத்தம்
வெளியன்னா எங்க கண்ணு? வெளியூரா, வெளிநாடா? என்ன படிக்கறீங்க?

நொய்யல்நேசன்
காலேஜுக்கும் அவங்களுக்கும் ஒப்பந்தம் இருக்குதுங்களா, இல்ல நீங்களா அப்ளை பண்ணுனதா? ரெண்டுக்கும் செலவு மலையும் மடுவும்.

சிங்காநல்லூர்_சித்தப்பா
வாரத்துக்கு நாலு பேரு இப்படித்தான் வர்றாங்க. மேல பின் பண்ணி வெச்சதை எவனும் படிக்கறதில்ல. நாடு, வருசம், குடும்ப வருமானம், பழைய கடன், இதெல்லாம் எழுதாம கேட்டா நாங்க என்ன சோழியா உருட்டறது?

பவானிக்கரை
எஸ்.சி., எஸ்.டி.ன்னா தமிழக அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்குதுங்க. வருசத்துக்கு 36 லட்சம் வரைக்கும்.

நொய்யல்நேசன்
அது முதுகலை, பிஎச்.டி.க்குங்க. டிகிரிக்கு நடுவுல ஒரு செமஸ்டர் போறவங்களுக்கு ஆகாது.

மஞ்சக்காடு_கோபி | செவ்வாய் காலை 7.05
சாரிங்ணா. ஜெர்மனி. பி.இ. மெக்கானிக்கல் மூணாவது வருசம். காலேஜ் மூலமாத்தான், 6 மாசம். அப்பா வெவசாயம். கல்விக்கடன் 3 லட்சம் ஏற்கனவே ஓடுது.

நொய்யல்நேசன்
அந்த 9 லட்சத்தைப் பிரிச்சு எழுதுங்க தம்பி.

மஞ்சக்காடு_கோபி
டியூஷன் 1.5, பிளாக்டு அக்கவுண்டு 6, டிக்கெட்டும் விசாவும் 1, கைச்செலவு அரை. சீனியர் ஒருத்தரு எழுதிக் குடுத்ததுங்ணா.

நொய்யல்நேசன்
1.5ன்னா 1,500 யூரோ. அப்ப பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலமாத்தான் இருக்கோணும். ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து தனியாப் போறவங்ககிட்ட செமஸ்டருக்கு அவ்வளவு வாங்கறாங்க. ஒப்பந்தத்துல போற பசங்களுக்கு அது கிடையாது. இங்க ஃபீஸ் கட்டுனாப் போதும். ஒப்பந்தக் காகிதத்தை வாங்கிப் படிங்க.

அடுத்தது பிளாக்டு அக்கவுண்டு, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே போட்டு வெக்கற பணம். 2024 செப்டம்பர்ல இருந்து மாசத்துக்கு 992 யூரோ காட்டோணும். 6 மாசத்துக்கு 5,952. யூரோவை நூறு ரூவான்னு வெச்சா உங்க 6 லட்சம் சரிதான். ஆனா அது அவங்களுக்குக் கட்டற பணம் இல்லீங்க. உங்க பணந்தான், அங்க போனப்புறம் மாசா மாசம் 992 உங்களுக்கே வரும். வாடகையும் சோறும் அதுலதான். கைச்செலவைத் தனியா எழுதுனா ஒரே செலவை ரெண்டு தடவ எண்ணுன மாதிரி.

ஸ்காலர்ஷிப்புக்கு இங்க தேடறதை விட அங்க கேளுங்க. பாடன் வூர்ட்டம்பர்க் ஸ்டிபெண்டியம்னு ஒண்ணு, ஒப்பந்தக் காலேஜுல இருந்து வர்ற பசங்களுக்குத்தான். அந்த யுனிவர்சிட்டியே பேரைப் பரிந்துரைக்கோணும். அவங்க இன்டர்நேஷனல் ஆபீசுக்கு இன்னைக்கே மெயில் போடுங்க. ரெண்டு காலேஜுக்கும் நடுவுல எராஸ்மஸ் பிளஸ்னு ஐரோப்பிய ஒன்றியத்தோட மாணவர் பரிமாற்ற உதவித் திட்டம் இருக்குதான்னும் கேளுங்க. பணம் தர்றோம்னு லெட்டர் வந்தா பிளாக் பண்ற தொகை அந்த அளவுக்குக் குறையும்.

தறிச்சத்தம்
இத்தனை எதுக்கு? நகையை வெச்சா அரை மணி நேரத்துல பணம்.

சிங்காநல்லூர்_சித்தப்பா
நகைக்கடன் வட்டிக்கு வருமான வரி விலக்கு கிடையாது. கல்விக்கடன் வட்டிக்கு 8 வருசம் உண்டு.

பவானிக்கரை
பழைய வரி முறையில இருந்தாத்தானுங்களே? வெவசாயி கட்டாத வரிக்கு எதுக்கு விலக்கு?

நொய்யல்நேசன்
பழைய பேங்குலயே டாப்-அப், அதாவது இருக்கற கல்விக்கடன் மேலயே கூடுதல் கடன் கேளுங்க தம்பி. மொத்தக் கடன் 7.5 லட்சத்துக்குள்ள நின்னா மத்திய அரசோட கடன் உத்தரவாத நிதி இருக்குது, சொத்து ஈடு வேண்டியதில்ல. படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் தவணையும் இல்ல.

தேங்காநார்_பொள்ளாச்சி
ஈடு வேண்டியதில்லையா! என்ற பையனுக்கு வெறும் 4 லட்சம் கேட்டேனுங்க. மேனேஜர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, சிட்டாவுல ஒவ்வொரு சர்வே நம்பரா வெரலை ஓட்டுனாரு. கடைசில, பட்டா உங்கப்பாரு பேருல இருக்குதேன்னு மடிச்சுக் கையில குடுத்துட்டாரு.

சிங்காநல்லூர்_சித்தப்பா
4 லட்சம் வரைக்கும் ஈடு கேட்கவே கூடாதுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவு. மறுத்ததை எழுத்துல வாங்கியிருக்கோணும். விவரம் பத்தலை உங்களுக்கு.

தேங்காநார்_பொள்ளாச்சி
எழுதிக் குடுங்கன்னதுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சாரு. விவரமான நீங்க ஒருக்கா பொள்ளாச்சிக்கு வாங்க, டீ நான் வாங்கித் தர்றேன்.

தறிச்சத்தம்
ஆறு மாசம் போய்ட்டு வந்து பெருந்துறையில என்னத்தக் கிழிக்கப் போறான்? அந்தக் காசைத் தறியில போட்டாலாவது...

பவானிக்கரை
தறியில போட்டவங்க கதைதான் சோமனூர் பூரா தெரியுதுங்களே.

சிங்காநல்லூர்_சித்தப்பா
தலைப்பை விட்டு வெளிய போகாதீங்க.

தேங்காநார்_பொள்ளாச்சி
ஆரம்பிச்சதே நீங்கதானுங்க.

மஞ்சக்காடு_கோபி | 16 நாள் கழித்து
ரெண்டு வாரமா வர முடியலைங்க, மன்னிச்சுக்கோங்க. டியூஷன் கிடையாதுன்னு ஒப்பந்தத்துல ரெண்டாம் பக்கமே இருக்குது. அந்த யுனிவர்சிட்டியில பேரை அனுப்பறோம்னு மெயில் வந்துது, முடிவு இன்னும் வரலை. டாப்-அப் எழுதிக் குடுத்தாச்சு. காலேஜ்ல போறேன்னு சொல்லிட்டேன். ரொம்ப நன்றிங்ணா.

நொய்யல்நேசன்
சந்தோசம் தம்பி. அங்க படிக்கற பாடத்துக்கு இங்க கிரெடிட் தருவாங்கன்னு எச்.ஓ.டி.கிட்ட கையெழுத்து வாங்கியாச்சா? அது இல்லாமப் போனா வந்து மறுபடியும் இதே செமஸ்டரை எழுதோணும்.

நொய்யல்நேசன் | 5 நாள் கழித்து
தம்பி? கையெழுத்து?