மறு: ஹைட்ரோபீரியட் – நீர்க்காலம் போதுமா?

வணக்கம் ஐயா. ஈரநிலத்தில் நீர் வந்து தங்கி வடியும் போக்கைக் குறிக்கும் ‘ஹைட்ரோபீரியட்’ (hydroperiod) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் நீங்கள் கேட்டது:

> ஹைட்ரோபீரியட் = நீர்க்காலம். எளிமையாக இருக்கிறதே, இதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிமைதான். ஆனால் கோலாலம்பூரில் இருக்கும் என் காதில் அது மழைக்காலம் என்றுதான் விழுகிறது. வடிநிலத்தில் பெய்த மழை ஆற்றில் சேர்ந்தோ மண்ணில் ஊறியோ ஈரநிலத்துக்கு வந்து, எவ்வளவு ஆழத்துக்கு ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எப்போது வடிகிறது, மறுபடி எப்போது வருகிறது, இத்தனைக்கும் சேர்த்தல்லவா பெயர் தேடுகிறோம்?

கோலசிலாங்கூர் அலையாத்திக் காட்டில் கடல்நீர் நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அதைக் ‘காலம்’ என்பதா? கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியிலோ ஆண்டுக்கு ஒரே முறை: மழை மாதங்களில் மேக்கோங் பெருகியதும், ஏரியிலிருந்து வடிய வேண்டிய ஆறே எதிர்த்திசையில் ஓடி உள்ளே தண்ணீரைத் தள்ள, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரைகூட விரிந்து சுற்றியுள்ள காட்டை மூழ்கடிக்கிறது, மீன்கள் அங்கே போய் இரை தேடி வளர்கின்றன. வட சிலாங்கூர் பீட் சதுப்புக்காடு இன்னொரு வகை. தண்ணீர் வருவதும் போவதும் கண்ணுக்கே தெரியாது. எப்போதும் ஊறிக் கிடப்பதால்தான் விழுந்த இலையும் கட்டையும் சரியாக மக்காமல் பீட் மண்ணாகின்றன. அங்கே கால்வாய் வெட்டி நீரை வடித்தால், மழை குறையாவிட்டாலும் மண் காய்ந்து தாழும், வறட்சியில் தீப்பிடிக்கும், அப்புறம் நமக்குப் புகைமூட்டம். இதில் மழைக்காலம் எங்கே மாறியது?

அதனால் என் பரிந்துரை: நீர்தங்குமுறை. ‘முறை’யில் தடவையும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட பழக்கமும் நமக்கு உண்டு. ஒற்று? நீர் தங்குகிற முறை, நீர் எழுவாய், ஆகவே ‘த்’ வேண்டாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் திருத்தலாம். குறுந்தங்கு ஈரநிலம் (நீர் கொஞ்ச நாளே தங்குவது), நெடுந்தங்கு ஈரநிலம் (நெடுநாள் தங்குவது) என்று கிளைச்சொற்களும் பிறக்கும். கொஞ்சம் நீளம், சரி.

உப்புத்தன்மையையும் இதற்குள் அடக்கச் சொன்ன நண்பருக்கு: வேண்டாமே. கோலசிலாங்கூர் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்களுக்கு ஆற்றுநீரும் உப்புநீரும் கலப்பது முக்கியம்தான், மேலிருந்து நன்னீர் வரத்து குறைந்தால் உப்பு இன்னும் உள்ளே ஏறும். ஆனால் அது வேறு அளவு. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.