அரசு அலுவலகத்தின் முகநூல் பக்கம் என்னைத் தடை செய்தால் என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பத்துக்காரர் (கேள்வி):
சென்ற மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தேங்கிய நீரைப் படமெடுத்து, ஓர் அரசு அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில், வடிகால் எப்போது தூர்வாரப்படும் என்று மரியாதையாகவே கேட்டிருந்தேன். மறுநாள் என் பின்னூட்டம் நீக்கப்பட்டிருந்தது. பிறகு அந்தப் பக்கமே எனக்குத் திறக்கவில்லை. புயல் எச்சரிக்கையும் அதில்தான் வருகிறது. இதை எதிர்க்க வழி உண்டா?

புதுச்சேரி வழக்கறிஞர்:
உண்டு, ஐயா. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையை, 19(2) பிரிவு கூறும் காரணங்களுக்காக, அதுவும் சட்டத்தின் மூலம் மட்டுமே கட்டுப்படுத்த முடியும். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்பது அக்காரணங்களில் இல்லை. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவையே ரத்து செய்தது. முதலில், எந்த உத்தரவின்படி தடை செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதன் பிறகு, அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உங்கள் கடலூருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்:
அது அதிகாரியின் சொந்தப் பக்கமா என்பதையும் பாருங்கள். அரசின் சார்பில் பேசும் அதிகாரம் ஒருவருக்கு இருந்து, அந்த அதிகாரத்தைக் கொண்டே அவர் பதிவிட்டிருந்தால்தான் அது அரசின் செயலாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024இல், அதிகாரி ஒருவர் தம் முகநூல் பக்கத்தில் ஒருவரைத் தடை செய்தது பற்றிய லிண்ட்கே வழக்கில் கூறியது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

மஞ்சக்குப்பத்துக்காரர்:
நன்றி. பக்கத்தின் முகப்பில் அரசு முத்திரை இருக்கிறது. திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துள்ளேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நாளையே தகவல் உரிமை மனு அனுப்புகிறேன்.