ஒயிட் ரிம் சாலையில் 14 பேர், இரண்டு இரவு கூடாரம்: தண்ணீர், வண்டி, காற்று பற்றிச் சில கேள்விகள்

செம்மண்தடம்:

வணக்கம். அக்டோபர் இரண்டாவது வாரம் யூட்டா மாநிலத்தில் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் சாலையில் போய், இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று இருக்கிறோம். நான்கு குடும்பம். பெரியவர்கள் 8, பிள்ளைகள் 6, கடைக்குட்டிக்கு 7 வயது. கையில் இருக்கும் வண்டிகள் டொயோட்டா ஃபோர்ரன்னர் இரண்டு, ஹைலேண்டர் ஒன்று. குழாயும் கழிப்பறையும் உள்ள முகாம்களில் எல்லோரும் தங்கியிருக்கிறோம். ஆளரவமே இல்லாத பாலைவனம் இதுதான் முதல் தடவை.

தண்ணீர் எவ்வளவு, எதில் கொண்டுபோவது? ஹைலேண்டர் தாங்குமா? பாறையில் கூடார முளை இறங்காது என்கிறார்களே, என்ன செய்வது? 14 பேருக்குச் சோறு வடிக்க என்ன ஏற்பாடு? கழிப்பறை எப்படி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பாறைமேடு:

முதலில் வண்டி. ஹைலேண்டர் கூடாது. அந்தச் சாலைக்குத் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நல்ல இடைவெளியும், 4லோ கியருள்ள (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) நான்கு சக்கர இயக்கமும் வேண்டும் என்று பூங்காவே சொல்கிறது. ஹைலேண்டரில் நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் லோ கியர் கிடையாது. மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்க்ராபிள் ஏற்றங்களில் பாரத்தோடு ஏறும்போதும், அதைவிட இறங்கும்போதும் அது இல்லாமல் முடியாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். உங்கள் ஃபோர்ரன்னர்களும் நான்கு சக்கர மாடல்தானா என்று பாருங்கள், இரண்டு சக்கர மாடலும் விற்பனையில் இருந்தது. மூன்றாவது வண்டியை மோவாப் ஊரிலேயே ஜீப் வாடகைக்கு விடும் இடத்தில் எடுங்கள். விமான நிலைய வாடகை வண்டிகளின் ஒப்பந்தம் பெரும்பாலும் மண் சாலையையே அனுமதிக்காது.

அடுத்தது ஆள் கணக்கு. ஒரு முகாம் தளத்துக்கு அதிகபட்சம் 15 பேர், 3 வண்டி. விதிப்படி 14 பேர் சரிதான். ஆனால் வண்டிக்குள் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 4 லிட்டர், சமைக்கவும் பாத்திரத்துக்கும் ஒன்றரை, கைகால் கழுவவும் கழிப்பறைக்கும் அரை. ஆக 6 லிட்டர். 14 பேர், 3 நாள்: 252 லிட்டர். வண்டி பழுதாகி ஒரு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டால் குடிக்க மட்டும் இன்னொரு 56. மொத்தம் 308 லிட்டர், அதாவது 308 கிலோ. 26 லிட்டர் கேன் 12 வேண்டும், வண்டிக்கு நான்கு.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த வண்டி ஆள், சாமான் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருக்கும். மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் சுமார் 285 கிலோ. தண்ணீர் 104. கூடாரம், படுக்கைப் பை, சாப்பாடு, அடுப்பு, கருவிகள் எப்படியும் 100 முதல் 120. ஐந்நூறைத் தொட்டுவிடுகிறது, நிறைய வண்டிகளின் எல்லையும் அதற்குப் பக்கத்தில்தான். எடையைக் கூரைமேல் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாய்வான பாறைப் படிகளில் உச்சிப்பாரம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கூரைமேல் படுக்கைப் பை, பாய் மாதிரி லேசான சாமான்கள் மட்டும்.

அதனால் என் கருத்து: மூன்று வண்டிக்கு 10 அல்லது 11 பேர்தான் சரியான அளவு. 14 பேரும் வந்தே ஆக வேண்டுமென்றால் அதே பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் குழு முகாம் தளம் இருக்கிறது. அங்கே குடிநீர்க் குழாய் உண்டு, சாதாரணக் காரிலேயே போகலாம், செம்பாறைக் கோபுரங்கள் பக்கத்திலேயே நிற்கும். மோவாப்பிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்.

அனுமதி பற்றி: செப்டம்பர் 10 முதல் டிசம்பர் 9 வரையிலான தேதிகளுக்கு மே 10 அன்று முன்பதிவு திறக்கும். அக்டோபர்தான் எல்லோரும் கேட்கும் மாதம். வார இறுதியை விட்டு ஞாயிறு இரவு, திங்கள் இரவு என்று பாருங்கள்.

அடுப்பங்கரை:

சமையல் பகுதியை நான் சொல்கிறேன். அங்கே முகாம்கள் பெரும்பாலும் 1,200 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் துவரம்பருப்பு வேகவே வேகாது என்று சொல்லும் அளவுக்கு நேரமும் கேஸும் தின்னும். குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விடுங்கள். 5 லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு 700 கிராம் அரிசிக்கு மேல் போடாதீர்கள், பொங்கி வால்வை அடைக்கும். ஆளுக்கு 80 முதல் 90 கிராம் அரிசி என்றால் 14 பேருக்கு இரண்டு தடவை வைக்க வேண்டியிருக்கும். கிளம்பும் முன் வீட்டில் கேஸ்கட்டைச் சோதியுங்கள், உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும்.

பருப்பை வீட்டிலேயே வேகவைத்து, தட்டையான ஜிப் பையில் உறையவைத்து ஐஸ் பெட்டியின் அடியில் அடுக்குங்கள். அது ஐஸ் கட்டிக்குப் பதிலாகவும் வேலை செய்யும். இரண்டாம் நாள் மாலைதான் இளகும். இட்லி மாவு வேண்டாம். பகல் வெயிலில் வண்டிக்குள் பொங்கி வழியும். காலைக்கு வறுத்த ரவை, தாளிப்புச் சாமான் கலந்த உப்புமாப் பொட்டலம் போதும், சூடுநீர் ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடம்.

465 கிராம் புரொப்பேன் கேஸ் உள்ள பச்சை சிலிண்டர் ஒன்று, இரட்டை அடுப்பில் இரண்டையும் முழுத் தீயில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வரும். இவ்வளவு பேருக்கு ஐந்து சிறு சிலிண்டர் தேவைப்படும். அதற்குப் பதில் 5 பவுண்டு நிரப்பும் சிலிண்டரும் இணைப்புக் குழாயும் வாங்கினால் அதே அளவு கேஸ், குப்பை இல்லை. குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். காற்றுத் தடுப்புத் தகடு மறக்கக் கூடாது, காற்றில் பாதித் தீ பக்கவாட்டில் போய்விடும். அதற்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பது எந்த நிலையிலும் கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளை எடுத்துவிடும். விறகுத் தீ அந்தச் சாலையில் தடை.

பாத்திரம்: நம் சமையலில் எண்ணெயும் மஞ்சளும்தான் தண்ணீர் குடிப்பவை. முதலில் காகிதத் துண்டால் சுத்தமாக வழித்துக் குப்பைப் பையில் போடுங்கள், பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் பீய்ச்சித் துடையுங்கள், கடைசியில் ஒரு குவளை அலசல். 14 தட்டுக்கு 3 லிட்டரில் முடியும். அலசிய தண்ணீரைச் சல்லடையில் வடித்து, பருக்கையைக் குப்பையில் போட்டுவிட்டு, முகாமிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் பரவலாக வீசி ஊற்றுங்கள். பாறைக் குழிகளில் தேங்கியிருக்கும் மழைநீரில் மட்டும் கை வைக்க வேண்டாம், சோப்போ சன்ஸ்கிரீனோ கொஞ்சம் கலந்தாலும் அதில் பொரித்து வளரும் சிறு இறால் வகைகள் செத்துப்போகும்.

காற்றுத்திசை:

கூடாரம். 8 பேர், 10 பேர் படுக்கும் உயரமான அறைக் கூடாரத்தை எடுத்துவராதீர்கள். நெட்டைச் சுவர் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், ஃபைபர் கம்பி முறியும். மூன்று, நான்கு பேர் படுக்கும், அலுமினியக் கம்பியுள்ள குவிமாடக் கூடாரம் ஐந்து போதும். தன்னால் நிற்கும் வகையாக இருக்கட்டும். முளை அடித்தால்தான் நிற்கும் வகை அங்கே உதவாது.

தளத்தில் சில இடம் மொட்டைப் பாறை, சில இடம் பொடி மணல். இரண்டிலும் சாதாரண முளை பயனில்லை. மணலில் இப்படிச் செய்யுங்கள்: ஒரு அடி நீளத் துணிப்பையில் மணல் நிரப்பி, அதன் நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழக் குழியில் கிடைமட்டமாகப் போட்டு மூடி மிதியுங்கள். கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக மேலே வர, மணலில் ஒரு சிறு வாய்க்கால் கீறி விட வேண்டும். இல்லையென்றால் கயிறு மேல்நோக்கி இழுத்துப் பை கிளம்பிவிடும். பாறையில் இரண்டு கல் முறை: சிறு கல்லில் கயிறைச் சுற்றி, கூடாரத்துக்கும் சிறு கல்லுக்கும் நடுவே பெரிய கல்லைக் கயிற்றின் மேல் வையுங்கள். இழுக்க இழுக்கச் சிறு கல் பெரிய கல்லில் போய் முட்டி இறுகும். பெரிய கல்லிலேயே நேராகக் கட்டினால் கூர்முனையில் உராய்ந்து கயிறு அறுந்துவிடும். கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். கூடாரத்துக்கு 3 மீட்டர் கயிறு ஆறு, மணல்பை நான்கு என்று கணக்கு.

கூடாரத்தை விரித்ததும் கம்பியை நுழைக்கும் முன்னாலேயே காற்று வரும் பக்க மூலைகளைக் கட்டிவிடுங்கள். பகலில் நடக்கப் போகும்போது உள்ளே கனமான பைகளைப் போட்டு, ஜன்னல்களை மூடிவிட்டுப் போங்கள். வலைத்துணி வழியாக வரும் மணல், மாவு மாதிரி படுக்கையில் படியும், ஜிப் பற்களில் ஏறும். சிக்கிய ஜிப்பை இழுக்காமல் காய்ந்த பல் துலக்கியால் தட்டிவிடுங்கள். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு மொத்தமாகப் போய்விடும்.

நிழலுக்கு நான்கு கால் பந்தல் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மாலைக் காற்றில் முதலில் பறப்பது அதுதான், பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செம்மண்தடம்:

மிக்க நன்றி. பேசி முடித்துவிட்டோம்: ஒரு குடும்பம் அடுத்த வருடம் வருவதாகச் சொல்லிவிட்டது, இப்போது 10 பேர். ஹைலேண்டருக்குப் பதில் ஜீப் வாடகை. எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எங்கே தங்குவது? கிரீன் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

பாறைமேடு:

கடிகாரச் சுற்று நல்லது. ஷேஃபர் மலைச் சாலை வழியாக இறங்கி, மறுமுனையில் மினரல் பாட்டம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெளியேறுவது. மொத்தச் சுற்று 100 மைல். மணிக்கு 10, 15 மைலுக்கு மேல் ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு கூஸ்பெரி முகாம் தளம், சுமார் 30 மைல். இரண்டாவது இரவு கேண்டில்ஸ்டிக் அல்லது பொட்டேட்டோ பாட்டம். அக்டோபரில் ஏழு மணிக்குள் இருட்டிவிடும், நான்கு மணிக்குத் தளத்தில் இருந்தால்தான் வெளிச்சத்தில் கூடாரம் போடலாம். பகலில் 20 டிகிரி பக்கம் இருக்கும், இரவில் ஐந்து, ஆறுக்கு இறங்கும். படுக்கைப் பையும் அடியில் காப்புப் பாயும் அதற்கேற்ப.

மோவாப்பில் தொட்டியை நிரப்புங்கள், உள்ளே பெட்ரோல் கிடையாது. மண் சாலை தொடங்கியதும் டயர் காற்றை 22, 25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் குலுக்கலும் குறையும், கல் குத்துவதும் குறையும். திரும்ப நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரசர் வேண்டும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் திரி உதவாது, அதனால் மூன்று வண்டியிலும் முழு அளவு ஸ்டெப்னி. ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு அடிச் சதுரப் பலகை, மணலில் ஜாக் புதையாமல் இருக்க. கைபேசி சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றாவது வேண்டும், முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் வாக்கிடாக்கி.

இந்தச் சாலையே 1950களில் யுரேனியம் தேடப் போட்டது. லாரி போக வெட்டிய தடம்தான், தடுப்புச் சுவர் எதிர்பார்க்காதீர்கள்.

ஆற்றுத் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். அது வண்டல் கரைசல், நேராக வடிகட்டியில் விட்டால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். 20 லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் படிகாரத் தூள் கலக்கி, ஒரு இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து வடிகட்டிக் கொதிக்கவிட வேண்டும். கூஸ்பெரி மாதிரி மேட்டுத் தளங்களில் அதுவும் கிடையாது. கொண்டுவரும் கேன்களை மூன்று வண்டிக்கும் பிரித்து வையுங்கள், ஒன்று ஒழுகினாலும் ஒரு வண்டி நின்றாலும் மற்றவை இருக்கும்.

ஓடைக்கரை:

விட்டுப்போன இரண்டு மூன்று. ஒவ்வொரு தளத்திலும் குழிக் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஆளுக்கு ஒரு அழுத்தும் பாட்டில் கொடுத்துவிடுங்கள், 300 மில்லி போதும். ஈரத் துடைப்பான், சாப்பாட்டு மிச்சம் எதையும் அந்தக் குழியில் போடக் கூடாது. வழியில் அவசரம் வந்தால் கட்டியாக்கும் தூள் உள்ள கழிவுப் பை, ஆளுக்கு இரண்டு. அதையும் குழியில் போடாமல் ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அண்டங்காக்கை இங்கே ஜிப்பைத் திறந்து பையைக் காலி செய்யும், இரவில் எலி துணியைக் கடிக்கும். சாப்பாடு எல்லாம் வண்டிக்குள்.

பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள்: மணலின் மேல் கறுத்து, முண்டும் முடிச்சுமாக இருக்கும் பொருக்கு உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியும் பாசிக்காளானும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மிதியில் நொறுங்கும், திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறை, சாலை, வறண்ட ஓடைப்படுகை, இந்த மூன்றில் மட்டும் நடக்கலாம் என்றால் ஏழு வயதுக்கும் புரியும். தளத்தின் எல்லையில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். பாறை விளிம்பிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். நாய் வண்டிக்குள் இருந்தாலும் அனுமதி இல்லை.

மழை: கிளம்பும் காலை பார்வையாளர் மையத்தில் சாலை நிலவரம் கேளுங்கள். ஷேஃபரும் மினரல் பாட்டமும் நனைந்தால் களிமண் வழுக்கும், மூடிவிடுவார்கள். 2010 ஆகஸ்ட் மழையில் மினரல் பாட்டம் வளைவுகள் அடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் மூடியிருந்தது. ஓடையில் வெள்ளம் வந்தால் கடக்காதீர்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பாறைமேடு சொன்ன அந்தக் கூடுதல் 4 லிட்டர் இதற்கும்தான். 10 பேருக்கு இப்போது மொத்தம் 220 லிட்டர், 26 லிட்டர் கேன் 9 எடுத்துக்கொள்ளுங்கள்.