கேனில் வந்த சிவப்பு ஒயின்: குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அந்திவெயில்:

கேனில் அடைத்த சிவப்பு ஒயினைப் பல ஆண்டுகள் நான் தொட்டதே இல்லை. ஒயின் என்றால் பாட்டிலும் தக்கையும்தான் என்று மனத்தில் ஊறிப்போயிருந்தது. மூன்று நாள் மலை நடையின் இரண்டாம் மாலையில்தான் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது.

கூடாரம் அடித்து முடித்ததும் தோழி இரண்டு 250 மில்லி கேன்களை நீட்டினாள். ஓடைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்திருந்ததால் தொட்டவுடன் விரல் சில்லிட்டது. கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் என்ற மூன்று திராட்சை ரகங்களின் கலவை அது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் நெடுங்காலமாகச் சேர்த்துவரும் மூவர். கிரெனாஷ் பழச்சுவையையும் உடலில் பரவும் கதகதப்பையும் தரும். சிரா நிறத்தையும் மிளகு வாசனையையும் கொண்டுவரும். மூர்வேத்ர் துவர்ப்பைத் தந்து மற்ற இரண்டையும் கட்டி நிறுத்தும்.

வளையத்தை இழுத்தபோது ‘உஸ்’ என்று சிறு சத்தம். நுரைக்கும் ஒயினோ என்று சந்தேகப்பட்டேன்; ஒரு குமிழிகூட இல்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது. கேனை மூடுவதற்குச் சற்று முன்பு ஒரு சொட்டுத் திரவ நைட்ரஜன் விடுகிறார்கள். அது ஆவியாகி மேலே தேங்கியிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. மூடிய பிறகு உள்ளிருந்து அழுத்தம் கொடுத்து, அந்த மெல்லிய அலுமினியச் சுவர் நசுங்காமல் காக்கிறது.

கேனிலிருந்து நேராக ஒரு மடக்குக் குடித்தேன். ஏமாற்றம்தான். வாசனையே இல்லை, நாக்கின் ஓரத்தில் கசப்பும், உதட்டில் உலோகத்தின் குளிர்ச்சியும் மட்டும். “இதற்குத்தான் இவ்வளவு தூரம் சுமந்து வந்தாயா?” என்று கேட்டுவிட்டேன். தோழி பதில் பேசாமல் அகன்ற வாய் கொண்ட இரண்டு கோப்பைகளை எடுத்து ஊற்றினாள். “சாமான்களை அடுக்கிவிட்டு வா, அதற்குள் சரியாகிவிடும்” என்றாள்.

இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்து கோப்பையைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் ஆழ்ந்த சிவப்பு, ஓரத்தில் மாணிக்கம் போலத் தெளிந்த வளையம். மூக்கருகே கொண்டுபோனதும் பழுத்த செர்ரி வாசனை முதலில் வந்தது. கோப்பையை லேசாகச் சுழற்றியதும் அதன் பின்னாலேயே மிளகு. அதே ஒயின்தான் என்று நம்ப முடியவில்லை. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்காமல், ஈறுகளில் மெல்லப் படிந்து நெடுநேரம் நின்றது.

பிழை ஒயினுடையது அல்ல, நான் குடித்த விதத்தினுடையது. குளிர் கூடினால் சிவப்பு ஒயினின் வாசனை அடங்கிவிடும், துவர்ப்பும் கசப்பும் முன்னால் வந்து நிற்கும். இப்படிப்பட்ட கலவைக்கு 15, 16 டிகிரி செல்சியஸ் இதமாக இருக்கிறது. கேனின் சிறிய வாயில் மூக்குக்கு வேலையே இல்லை; நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு கேன் ஒயினைத் தள்ளிவைப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: கோப்பையில் ஊற்றி, சற்றுப் பொறுத்து, அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பாதரசம்:

அந்திவெயில், கோப்பை விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். என் முதல் அனுபவம் மட்டும் வேறு மாதிரி. திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கெட்டுப்போன ஒயின் என்று முழுவதையும் கொட்டிவிட்டேன். காரணம் தெரிந்த பிறகு அந்தக் கோபம் ஆர்வமாக மாறிவிட்டது.

ஒயினைப் பாதுகாக்கச் சல்பர் டை ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். கேனின் உட்புறம் முழுக்க மெல்லிய பாலிமர் பூச்சு உண்டு. ஒயினின் அமிலம் அலுமினியத்தைத் தொடாமலிருக்க அதுதான் வேலி. பூச்சு மெலிந்திருந்தாலோ பொருத்தமற்றதாக இருந்தாலோ சல்பர் டை ஆக்சைடு அதைக் கடந்து அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. முட்டை நாற்றம் அதுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, அயனியாகப் பிரியாமல் மூலக்கூறு வடிவிலேயே இருக்கும் சல்பர் டை ஆக்சைடுதான் முக்கியக் காரணம் என்று காட்டியிருக்கிறார்கள். வெள்ளை ஒயின்களைவிடச் சிவப்பு ஒயின்களில் பொதுவாக அது குறைவு என்பதால் நம் கட்சிக்குச் சற்றே ஆறுதல்.

நாற்றம் லேசாக இருந்தால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நான்கைந்து முறை மாற்றி ஊற்றுங்கள். பெரும்பாலும் பறந்துவிடும். அன்று நான் கொட்டியதற்கு இப்போது வருந்துகிறேன்.

இன்னொன்று: கேனின் அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடைத்த தேதி இருந்தால் அதை நம்பி வாங்கலாம். நான் ஓராண்டுக்கு மேற்பட்டதைத் தொடுவதில்லை. கேன் ஒயின் இளமையிலேயே குடிப்பதற்கு. பரணில் வைத்து முதிரவிடுவதற்கான பண்டம் அல்ல.

ஊர்சுற்றி:

எனக்குக் கேன் பிடித்ததற்குக் காரணம் அளவு. தனியாக வாழ்பவன் நான். 750 மில்லி பாட்டிலைத் திறந்தால் மூன்றாம் நாள் மிச்சம் புளித்துப்போகும், அல்லது வீணாகக்கூடாதே என்று வேண்டாத நாளிலும் குடிக்க நேரும். 250 மில்லி கேன் என்பது சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாலைக்குப் போதும்.

ஆனால் நான் செய்த தவற்றை மற்றவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒருமுறை 375 மில்லி கேன் கிடைத்தது. கேன் என்றாலே ஒரு ஆளுக்கு ஒன்று என்ற பழக்கத்தில் ஒரே அமர்வில் முடித்துவிட்டேன். எழுந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. அது அரை பாட்டில் ஒயின்! மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 13.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயினில் 375 மில்லி என்றால் ஏறத்தாழ 40 கிராம் ஆல்கஹால். அமெரிக்காவில் குடிப்பதைக் கணக்கிட வைத்திருக்கும் ஒரு ‘வழக்கமான அளவு’ என்பது 14 கிராம் ஆல்கஹால். ஆக கிட்டத்தட்ட மூன்று அளவுகளை ஒன்றென எண்ணி விழுங்கியிருக்கிறேன். 250 மில்லி கேனிலேயே ஏறக்குறைய இரண்டு அளவு இருக்கிறது. பீர் கேனைப் போலவே கையில் உட்காருவதால் கை ஏமாந்துவிடுகிறது. வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

இப்போது பெரிய கேனாக இருந்தால் திறந்தவுடன் பாதியைச் சிறிய கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுகிறேன். காற்றுக்கு இடமில்லாததால் மறுநாளும் நன்றாகவே இருக்கிறது.

கல்மண்டபம்:

சுருக்கமாக ஒன்று. என் மைத்துனர் பாட்டிலைத் தவிர வேறு எதையும் மதிக்காதவர். ஒரே தயாரிப்பாளர் ஒரே கலவையைப் பாட்டிலிலும் கேனிலும் அடைத்திருந்தார். இரண்டையும் அடுக்களையிலேயே ஊற்றி எடுத்துவந்து வைத்தேன். நெடுநேரம் முகர்ந்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்து, “இதில்தான் பழம் புதிதாக இருக்கிறது” என்று கேனிலிருந்து ஊற்றியதைக் காட்டினார். சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் கோப்பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

கேன் ஒயின் நேற்று முளைத்ததும் அல்ல. திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவின் ஒயினகம் ‘சோஃபியா’ என்ற நுரைக்கும் ஒயினை 187 மில்லி கேன்களில் 2004-இலேயே விற்கத் தொடங்கியது. நல்ல சிவப்புக் கலவைகள் அந்த வழியில் வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

அந்திவெயில்:

எல்லோருக்கும் நன்றி. பாதரசம் எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய் என்னிடமிருந்த நான்கு கேன்களையும் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று இந்த ஆண்டு அடைத்தவை. ஒன்று மட்டும் பதினாறு மாதம் பழையது. மெர்லோ, கேபர்நே சோவின்யோன் என்ற இரண்டு திராட்சை ரகங்கள் கலந்தது. இனியும் தாமதிக்க மனமில்லை. அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, சற்றுமுன் ஊற்றியிருக்கிறேன். முதலில் மூடிய அறையின் வாசம் போல ஏதோ ஒன்று மந்தமாக வந்தது. இரண்டு முறை பாத்திரம் மாற்றினேன். இப்போது பிளம் பழ வாசனை மெல்ல மேலே வருகிறது. துவர்ப்பு எதிர்பார்த்ததைவிட மிருதுவாக இருக்கிறது. ஊர்சுற்றி, இது 375 மில்லி. பாதியை ஏற்கெனவே சிறிய பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.